லேப்டாப்பில் ஓர் அணுவை லேசருக்குள் வைப்பது எப்படி: குமரி மாவட்டத்து எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் என்றதும் நம்ம மாவட்டத்தில் பெரும்பாலும் படிக வளர்ப்பு, மெல்லிய படலம், நானோ துகள் இவற்றில் ஒன்றுதான் கைக்கு வரும். கல்லூரியில் அதற்கான சாமான் இருக்கிறது, வழிகாட்ட ஆசிரியர் இருக்கிறார், எக்ஸ்-ரே எடுக்க வெளியூருக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் குவாண்டம் மெக்கானிக்ஸ் வகுப்பு பிடித்துப்போய், கோட்பாட்டில் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தும், "நாகர்கோவிலில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்" என்று அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது. வலுவான லேசர் புலத்தில் அணு என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியைத் தொடங்க லேசர் வேண்டாம், சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம், எட்டு ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். இங்கே சொல்கிறபடி செய்தால் உங்கள் கையில் ஒரு வரைபடம் மிஞ்சும், அதில் தெரிவது இந்தத் துறையின் அடித்தளமான நிகழ்வு.

விஷயம் இதுதான். 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் துடிப்பைச் சில பத்து ஃபெம்டோசெகண்டுக்குள் சுருக்கி ஒரு புள்ளியில் குவித்தால், அந்த ஒளியின் மின்புலம் அணுவுக்குள் எலக்ட்ரானைக் கட்டிவைத்திருக்கிற புலத்தோடு போட்டி போடுகிற அளவுக்கு வந்துவிடும். இவ்வளவு வலுவான துடிப்பைப் படிகம் உடையாமல் பெருக்குகிற வழியை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் காட்டினார்கள், 2018-இல் நோபல் கிடைத்தது. அதன் பிறகு ஆய்வகங்களில் அதிகம் புழங்கியது டைட்டானியம் கலந்த நீலக்கல் படிகம். நம்ம மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கிற இல்மனைட் டைட்டானியத்தின் தாது, அதே மணலில் உள்ள மோனசைட்டில் நியோடைமியம் இருக்கிறது, அந்த நீலக்கல்லுக்கு ஆற்றல் ஊட்டுகிற பம்ப் லேசர்கள் பலவும் நியோடைமியம் லேசர்கள்தான். இதெல்லாம் நமக்கு அன்னியமான சரக்கு இல்லை.

இப்படிப்பட்ட ஒளியை ஆர்கான் மாதிரியான வாயுவில் செலுத்தினால் மூலஒளியின் அதிர்வெண்ணைப் போல 3, 5, 7 மடங்கு என்று ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் வெளிவருகின்றன. மடங்கு ஏற ஏற ஒளி மங்கிக்கொண்டே போக வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1980-களின் இறுதியில் சிகாகோவிலும் பிரான்ஸின் சாக்லேயிலும் பார்த்தது வேறு: முதல் சில மடங்குகளில் சரிவு, பிறகு நீண்ட சமவெளி, கடைசியில் திடீரென ஒரு வெட்டு. சாக்லே குழுவில் இருந்தவர் ஆன் லுயிலியே. அவரும் பியர் அகோஸ்டினியும் ஃபெரென்ஸ் கிராவுஸும் 2023-இல் நோபல் வாங்கியது இங்கே தொடங்கிய கதைக்காகத்தான். 2001-இல் அகோஸ்டினி குழு 250 அட்டோசெகண்ட் துடிப்புகளின் தொடரையும், கிராவுஸ் குழு 650 அட்டோசெகண்ட் தனித் துடிப்பையும் அளந்து காட்டின. அட்டோசெகண்ட் என்றால் 10⁻¹⁸ நொடி.

வகுப்பில் படித்த, காலத்தைச் சார்ந்த இடையூறு முறை (பெர்டர்பேஷன்) இங்கே உதவாது, அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த முறையில் வெளிப்புலம் ஒரு சின்ன தொந்தரவு. இங்கே அது சின்னது இல்லை. அணுவின் புலமும் லேசரின் புலமும் சமமாக இழுக்கிற இடத்தில் எதைப் பெரிது, எதைச் சிறிது என்று வைத்துத் தொடர் எழுதுவீர்கள்? அதனால்தான் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நேரடியாகக் கம்ப்யூட்டரில் தீர்க்கிறோம்.

முதலில் அலகுகள்

இந்தத் துறையில் எல்லோரும் அணு அலகில்தான் பேசுகிறார்கள். எலக்ட்ரானின் நிறை, அதன் மின்னூட்டம், பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்தது, மூன்றையும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு சுத்தமாகிவிடும். நேரத்தின் அலகு 24.19 அட்டோசெகண்ட், நீளத்தின் அலகு 0.529 ஆங்ஸ்ட்ரம், ஆற்றலின் அலகு 27.21 எலக்ட்ரான் வோல்ட், ஒளிச்செறிவின் (ஒரு பரப்பில் விழும் திறன்) அலகு சதுர செ.மீ.க்கு 3.51 × 10¹⁶ வாட். இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சரி, ஒரு கணக்கு போடலாம். செறிவு 1.5 × 10¹⁴ வாட்/ச.செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதை 3.51 × 10¹⁶-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மின்புலத்தின் உச்சம் 0.065. 800 நானோமீட்டர் ஒளியின் கோண அதிர்வெண் 0.057, ஒரு சுற்றுக்கு 110.3 அலகு நேரம், அதாவது 2.67 ஃபெம்டோசெகண்ட். புலத்தை அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் சுதந்திர எலக்ட்ரான் எவ்வளவு தூரம் ஊசலாடும் என்று வரும்: சுமார் 20 அலகு, பத்து ஆங்ஸ்ட்ரமுக்குக் கொஞ்சம் மேல். அணுவின் அளவை விடப் பல மடங்கு பெரிய ஊசல் இது, பின்னால் கிரிட் (இடத்தைச் சம இடைவெளிப் புள்ளிகளாகப் பிரிப்பது) அமைக்கும்போது இந்த எண்தான் வழிகாட்டும்.

அடுத்து பாண்டெரோமோட்டிவ் ஆற்றல். ஊசலாடுகிற எலக்ட்ரானின் சராசரி இயக்க ஆற்றல் அது. செறிவை 10¹⁴ அலகிலும் அலைநீளத்தை மைக்ரோமீட்டரிலும் எழுதினால், 9.33 × செறிவு × அலைநீளத்தின் வர்க்கம் என்று எலக்ட்ரான் வோல்ட்டில் நேராக வரும். நமக்கு 9.33 × 1.5 × 0.64, சுமார் 9. கெல்டிஷ் 1964-இல் கொடுத்த அளவு ஒன்று உண்டு: அயனியாக்க ஆற்றலைப் பாண்டெரோமோட்டிவ் ஆற்றலின் இருமடங்கால் வகுத்து வர்க்கமூலம். ஒன்றை விட நன்றாகக் குறைந்தால் எலக்ட்ரான் தடுப்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது என்ற படம் பொருந்தும், மிக அதிகமானால் பல ஃபோட்டான்களை விழுங்குகிற படம் பொருந்தும். ஹைட்ரஜனின் 13.6-ஐப் போட்டால் 0.87 வருகிறது. நடுவில் நிற்கிறோம், துளைக்கிற பக்கம் கொஞ்சம் சாய்ந்து.

குவாண்டத்துக்கு முன்னால் நியூட்டன்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 1993-இல் பால் கார்க்கம் எழுதிய மூன்று கட்டப் படத்தைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் பின்னால் வித்தியாசம் தெரியும். எலக்ட்ரான் அணுவை விட்டு வெளியே வருகிறது, லேசர் புலம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது, புலம் திசை மாறியதும் திரும்ப இழுத்து அணுவின்மேலேயே மோதவிடுகிறது. சொத்தவிளைக் கடற்கரையில் அலை காலடிச் செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டு போய், அடுத்த அலையில் அதே இடத்துக்கு வேகமாகக் கொண்டுவந்து எறிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரியம்தான். மோதும்போது இருக்கிற இயக்க ஆற்றலும் அயனியாக்க ஆற்றலும் சேர்ந்து ஒற்றை ஃபோட்டானாக வெளியேறுகிறது.

கணக்கு இப்படி. புலம் கோசைன் வடிவில் மாறுகிறது என்று வையுங்கள். எலக்ட்ரான் ஏதோ ஒரு கட்டக் கோணத்தில், பூஜ்ஜிய வேகத்தோடு, அணு இருக்கிற இடத்திலேயே பிறக்கிறது. இரண்டு முறை தொகையிட்டால் அதன் இடம் கிடைக்கும்: திரும்பும் கோணத்தின் கோசைனில் பிறந்த கோணத்தின் கோசைனைக் கழித்து, இரண்டு கோணங்களின் வித்தியாசத்தைப் பிறந்த கோணத்தின் சைனால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அது பூஜ்ஜியமாகிற இடத்தில் எலக்ட்ரான் திரும்பிவிட்டது. அப்போதைய ஆற்றல், இரண்டு சைன்களின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்கினால், பாண்டெரோமோட்டிவ் ஆற்றலின் அலகில் வரும்.

இதற்கு எக்ஸெல் கூடப் போதும். பிறந்த கோணத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து 90 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியாக மாற்றுங்கள். புலத்தின் உச்சம் பூஜ்ஜிய டிகிரியில். அதற்கு முன்னால் பிறந்தவை திரும்புவதே இல்லை. உச்சத்துக்குப் பின்னால் பிறந்தவை திரும்புகின்றன, அவற்றில் சுமார் 18 டிகிரியில் பிறந்தது சுமார் 252 டிகிரியில் திரும்பி அதிகபட்ச ஆற்றலோடு மோதுகிறது: 3.17. இந்த 3.17-ஐ ஏதோ புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வதற்கும், உங்கள் ஷீட்டில் ஒரு கட்டத்தில் அது எழும்பி நிற்பதைப் பார்ப்பதற்கும் ரொம்ப தூரம். அந்தக் கட்டத்துக்கு இரு பக்கமும் ஒரே ஆற்றலைத் தருகிற இரண்டு பயணங்கள் இருப்பதையும் கவனியுங்கள், ஒன்று நீளமானது, ஒன்று குட்டையானது. பிறகு தேவைப்படும்.

நம் எண்களைப் போட்டால் வெட்டு விழ வேண்டிய இடம் 13.6 + 3.17 × 9, ஏறக்குறைய 42 எலக்ட்ரான் வோல்ட். ஒரு ஃபோட்டான் 1.55 எலக்ட்ரான் வோல்ட், ஆக 27-ஆவது ஹார்மானிக். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள், புரோகிராம் எழுதும் முன்னாலேயே.

இப்போது புரோகிராம்

பைத்தானும் அதன் கணித நூலகமான நம்பையும் போதும். ஃபோர்ட்ரான் தெரிந்தால் அதிலும் எழுதலாம், ஆனால் முதல் தடவைக்குப் பைத்தான்தான் என் சிபாரிசு, வரைபடம் உடனே போட்டுப் பார்க்கலாம். ஒரு பரிமாணம், ஓர் எலக்ட்ரான்.

கிரிட்டில் 2048 புள்ளிகள், இடைவெளி 0.2. இரு பக்கமும் சுமார் 205 அலகு வரை போகும், ஊசல் 20 என்பதால் தாராளம். அணுவின் ஈர்ப்புக்கு, தூரத்தின் வர்க்கத்தோடு இரண்டைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து அதால் மைனஸ் ஒன்றை வகுத்துவிடுங்கள். அந்த இரண்டு எதற்கென்றால், ஒரு பரிமாணத்தில் கூலும் ஈர்ப்பு மையத்தில் வெடித்துவிடாமல் இருக்கவும், அடிமட்ட ஆற்றல் ஹைட்ரஜனுக்குரிய மைனஸ் 0.5 வரவும். அந்த அடிமட்ட நிலையைக் கண்டுபிடிக்க நேரத்தைக் கற்பனை எண்ணாக்கி ஓட்டுகிற உத்தி எளிது: ஏதாவது ஒரு மணி வடிவக் காஸ் வளைவோடு தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் அலைச்சார்பை மறுபடி நெறிப்படுத்தினால், மேல் நிலைகள் எல்லாம் கரைந்து அடிமட்டம் மட்டும் மிஞ்சும். ஆற்றலை அச்சிடுங்கள். மைனஸ் 0.500 வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள். லேசரைத் தொடாதீர்கள்.

துடிப்பை எழுதும்போது மின்புலத்தை நேராக எழுதாதீர்கள். வெக்டர் பொட்டென்ஷியலை முதலில் எழுதி, அதன் நேர வகைக்கெழுவுக்கு மைனஸ் போட்டு மின்புலத்தை எடுங்கள். அப்போதுதான் துடிப்பு முடிகிற இடத்தில் வெக்டர் பொட்டென்ஷியல் பூஜ்ஜியமாகும், இல்லாவிட்டால் உண்மையில் இருக்க முடியாத ஒரு திசை மாறாத மின்புலம் எலக்ட்ரானை ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு சுற்று மெல்ல ஏறி, ஆறு சுற்று சமமாக நின்று, இரண்டு சுற்று இறங்குகிற வடிவம் முதல் முயற்சிக்கு நல்லது. பத்துச் சுற்று, 1103 அலகு நேரம், ஓர் அடிக்கு 0.05 என்றால் சுமார் 22,000 அடிகள்.

ஒவ்வோர் அடியும் இப்படி நடக்கும். பொட்டென்ஷியல் பாதி அடியில் தருகிற கட்டக் காரணியால் (ஃபேஸ்) அலைச்சார்பைப் பெருக்குங்கள் (அணுவின் ஈர்ப்போடு இடம் × மின்புலமும் சேர்ந்தது), விரைவு ஃபூரியர் மாற்றத்தில் உந்த வெளிக்குப் போங்கள், அங்கே இயக்க ஆற்றலின் கட்டக் காரணியால் பெருக்குங்கள், திரும்பி வாருங்கள், மறுபடி பொட்டென்ஷியலின் பாதி. நம்பை உந்தங்களை வரிசைப்படுத்துகிற விதத்தில் மட்டும் கவனம்: நேர்ம எண்கள் முதலில், எதிர்ம எண்கள் பின்னால். அந்த வரிசையை நீங்களாக உருவாக்காமல் நம்பையின் அதிர்வெண் பட்டியல் கட்டளையையே கேட்டு வாங்கி, இரண்டு பையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அடியின் முடிவில், கிரிட்டின் இரு ஓரங்களிலும் கடைசி 40 அலகுக்கு ஒன்றிலிருந்து பூஜ்ஜியத்துக்கு மெல்ல இறங்குகிற ஒரு முகமூடியால் பெருக்குங்கள். இது இல்லாவிட்டால் வெளியேறிய எலக்ட்ரான் சுவரில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும்.

ஒவ்வோர் அடியிலும் ஒரே ஒரு எண்ணைச் சேமியுங்கள்: எலக்ட்ரானின் சராசரி முடுக்கம். பொட்டென்ஷியலின் சரிவின் சராசரிக்கு மைனஸ், அதிலிருந்து மின்புலம் கழித்தல். இடத்தின் சராசரியைச் சேமித்து இரண்டு முறை வகையிடலாம் என்று தோன்றும், வேண்டாம், முடுக்கம்தான் சுத்தமாக வரும். ஓட்டம் முடிந்ததும் ஹான் சாளரத்தால் (இரு முனையிலும் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிற வளைவு) பெருக்கி ஃபூரியர் மாற்றம் எடுத்து, வர்க்கத்தை லாக் அளவில், கிடையச்சை 0.057-ஆல் வகுத்து வரையுங்கள்.

மொத்த ஓட்டமும் சாதாரண லேப்டாப்பில் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. திரையில் 1, 3, 5 என்று கூர்மையான முகடுகள் இறங்கி, பிறகு சமவெளியாகி, 27 அருகே வளைந்து விழும். 27-க்கு அப்பால் கொஞ்சம் நீண்டாலும் பதற வேண்டாம். லெவன்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1994-இல் குவாண்டம் முறையில் போட்டபோது அயனியாக்க ஆற்றல் ஒன்றுக்குப் பதில் சுமார் 1.3 மடங்காகச் சேர வேண்டும் என்று வந்தது, ஆகவே 30 வரை இழுக்கும்.

நம்புவதற்கு முன்னால்

மக்களே, இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். அழகான வரைபடம் வந்துவிட்டது என்பதற்காக அது சரி என்று ஆகாது. கோட்பாட்டு ஆராய்ச்சியில் பாதி உழைப்பு இந்தச் சரிபார்ப்புதான் என்று நான் மனதாரச் சொல்வேன், தன் புரோகிராமைச் சந்தேகப்படத் தெரிந்த மாணவரை எந்தக் குழுவும் விரும்பும்.

நேர அடியைப் பாதியாக்கி ஓட்டுங்கள், கிரிட் அகலத்தை இருமடங்காக்கி ஓட்டுங்கள், இரண்டு வரைபடங்களையும் பழையதன் மேலேயே போட்டுப் பாருங்கள். சமவெளி அசையக் கூடாது. லேசரை அணைத்துவிட்டு ஓட்டினால் அடிமட்ட நிலை அப்படியே இருக்க வேண்டும், மொத்த நிகழ்தகவு ஒன்றை விட்டு நகரக் கூடாது. லேசர் இருக்கும்போது நிகழ்தகவு குறையலாம், முகமூடி விழுங்குகிறது, ஆனால் கூடினால் எங்கோ குறி தப்பு. சமவெளியில் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் தலைகாட்டினால் கிரிட் அணுவின் இரு பக்கமும் சமச்சீராக இல்லையா என்று முதலில் பாருங்கள், பிறகு துடிப்பைப் பாருங்கள். ஒவ்வோர் அரைச் சுற்றிலும் அதே நிகழ்வு திசை மட்டும் மாறி நடப்பதால் இரட்டைப்படைகள் ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். வரைபடத்தின் வலக்கோடியில் கீழே இறங்காமல் மட்டமாக நின்றுவிட்டால் சாளரம் போட மறந்திருப்பீர்கள், அல்லது ஓரத்தில் எதிரொலிப்பு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை கேஜ் மாற்றம், அதாவது அதே லேசர் புலத்தைச் சமன்பாட்டில் வேறு விதமாக எழுதுவது. இடம் × மின்புலம் என்ற உறுப்பை எடுத்துவிட்டு, உந்த வெளியில் அலை எண்ணோடு வெக்டர் பொட்டென்ஷியலைக் கூட்டி வர்க்கமாக்குங்கள். மாற வேண்டியது இரண்டு வரிதான். இயற்பியல் மாறக் கூடாது, ஆகவே முடுக்கமும் மாறக் கூடாது. இரண்டு வழியிலும் ஒரே வரைபடம் வந்தால் உங்கள் புரோகிராமை நிம்மதியாக நம்பலாம்.

அப்புறம் கேபார் மாற்றம். சேமித்த முடுக்கத்தின்மேல் ஒரு சுற்றில் சிறு பங்கு அகலமுள்ள காஸ் சாளரத்தை நகர்த்தி நகர்த்தி ஃபூரியர் எடுத்தால், எந்த நேரத்தில் எந்த ஹார்மானிக் பிறந்தது என்ற வண்ணப்படம் கிடைக்கும். அரைச் சுற்றுக்கு ஒன்று, அதாவது 1.33 ஃபெம்டோசெகண்டுக்கு ஒன்று என்று வளைவுகள் எழும்பி இறங்கும். இப்போது எக்ஸெலில் போட்ட அந்த நியூட்டன் கணக்கை, திரும்பும் நேரமும் ஆற்றலுமாக, இந்தப் படத்தின் மேலேயே வரையுங்கள். ஏறுகிற கையின்மேல் குட்டைப் பயணம், இறங்குகிற கையின்மேல் நீளப் பயணம், உச்சியில் 3.17. பாதை என்று ஒன்றையே கேட்காத அலைச்சார்பிலிருந்து, பாதையை மட்டுமே வைத்துப் போட்ட கணக்கு இப்படி வெளிப்படுவதைப் பார்க்கத்தான் இந்தத் துறைக்கு வாருங்கள் என்கிறேன். புராஜெக்ட் அறிக்கையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் இதைப் போடுங்கள்.

அடுத்து எங்கே

செலவில்லாத, ஆனால் உண்மையான கேள்விகள் நிறைய இருக்கின்றன. 400 நானோமீட்டர் ஒளியைச் சிறிதளவு கலந்தால் அரைச் சுற்றுச் சமச்சீர் உடைந்து இரட்டைப்படை ஹார்மானிக்குகள் வரும், இரண்டு நிறங்களின் கட்ட வித்தியாசத்தை மாற்றி அவை எப்படி ஏறி இறங்குகின்றன என்பதே ஒரு முழு புராஜெக்ட். அலைநீளத்தை 1600-ஆக்கினால் பாண்டெரோமோட்டிவ் ஆற்றல் நான்கு மடங்கு, வெட்டு தூரமாகப் போகும், ஆனால் ஊசலும் 80 அலகாகிவிடும். நீளப் பயணங்கள் அதன் இருமடங்கு வரை போய்த் திரும்புவதால் பழைய கிரிட் போதாது, நான்கு மடங்காவது விரியுங்கள். திடப்பொருளில் ஆர்வம் இருந்தால், 2011-இல் துத்தநாக ஆக்சைடு படிகத்தில் ஹார்மானிக் சமவெளி பார்த்ததிலிருந்து அது தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. அங்கே வெட்டு செறிவோடு நேராக வளராமல் மின்புலத்தோடு நேராக வளர்ந்தது. அணுவின் பொட்டென்ஷியலுக்குப் பதில் வரிசையாக நிற்கிற பொட்டென்ஷியல்கள் போட்டால் உங்கள் புரோகிராமே அங்கேயும் ஓடும்.

ஒரு பரிமாணத்தின் எல்லையையும் அறிக்கையில் எழுதுங்கள். பக்கவாட்டில் அலைச்சார்பு பரவ இடமில்லாததால் திரும்பி மோதுகிற வாய்ப்பு மிகையாக வரும், வட்டமாகச் சுழலும் ஒளியைப் போடவே முடியாது, பல அணுக்களின் ஒளி ஒன்றுசேர்வதும் இதில் இல்லை. முகடுகளின் இடத்தை நம்பலாம், உயரத்தைச் சோதனையோடு நேராக ஒப்பிடக் கூடாது. பல எலக்ட்ரான் வேண்டுமென்றால் ஆக்டோபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் சொந்தப் புரோகிராம் எழுதிய பிறகு மட்டும் அதைத் தொடுங்கள்.

படிக்க: 2023 நோபல் பரிசுக்கு ஸ்வீடன் அறிவியல் அகாடமி வெளியிட்ட அறிவியல் பின்னணிக் குறிப்பு இலவசம், அதில் தொடங்கி கார்க்கமின் 1993 கட்டுரை (நான்கே பக்கம்), பிறகு லெவன்ஸ்டைன். ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கிற ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் அணு இயற்பியல் பகுதியை வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள்.

வீட்டில் "எம்.எஸ்சி. முடிச்சா பி.எட். போ" என்பார்கள், அவர்கள் கவலை நியாயமானது. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் நிலை) கிடைத்தால் 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். கேட், ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிசெறிவு லேசர் ஆய்வகம் இருக்கிறது, மும்பை ஐ.ஐ.டி.யில் அட்டோசெகண்ட் கோட்பாடு நடக்கிறது, அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம்), இந்தோர் ஆர்.ஆர்.கேட் (ராஜா ராமண்ணா மையம்) இரண்டிலும் லேசர்களே இருக்கின்றன. விதுரையில் உள்ள ஐசரும் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) வலியமலையில் உள்ள ஐ.ஐ.எஸ்.டி.யும் (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) நமக்குப் பக்கம், கருத்தரங்கு அறிவிப்பு வந்தால் காலையில் திருவனந்தபுரம் ரயிலைப் பிடித்தால் போய்விடலாம். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துகிற கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு இறுதியாண்டுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது "உங்கள் மேலான வழிகாட்டுதலில்" என்று அரைப் பக்கம் ஓட்டாதீர்கள். ஐந்து வரி போதும்: யார், எங்கே படிக்கிறீர்கள், என்ன செறிவில் என்ன கணக்கு போட்டீர்கள், வெட்டு எங்கே வந்தது, கேஜ் சோதனையில் பொருந்தியதா, அவர்களுடைய எந்தக் கட்டுரையைப் படித்து என்ன கேள்வி எழுந்தது. ஹார்மானிக் வரைபடமும் கேபார் படமும் ஒரே பக்கத்தில் இணைப்பு, புரோகிராம் இருக்கிற இணைய முகவரி கீழே. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு, அடுத்தவருக்கு எழுதுங்கள்.